உன் ஜாக்கெட் என்ன நிறம் என்று கேட்டார்கள்

மகனுக்கு,

நீ ஒரு மண்டபத்தில் நின்று பேசுகிற வீடியோ எனக்கும் வந்து சேர்ந்தது. நீ அனுப்பவில்லை. அஜக்ஸில் இருக்கும் உன் சித்தி அனுப்பினார். பிறகு கோயில் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டார். பிறகு என்னோடு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒருவர், "அண்ணை, உங்கடை மகன் நல்லாக் கதைக்கிறார்" என்று எழுதி அதையே மறுபடி அனுப்பினார். நெடுந்தூரம் நடக்கிறவர்கள் கூடுகிற ஏதோ சங்கமாம். உன் பின்னால் திரை முழுக்கப் பனி மலை. நீ மேடையில் அப்படியும் இப்படியும் நடந்து, கால் விரல்கள் போன கதையைச் சொன்னாய். என்னுடைய பகுதி வந்ததும் குரலை மாற்றி, என் உச்சரிப்பை அப்படியே போட்டு, "மை சன் இஸ் அற் வேர்க்" என்றாய். சபை விழுந்து விழுந்து சிரித்தது. முதல் தடவை பார்த்தபோது நானும் சிரித்துவிட்டேன். என் குரலை அவ்வளவு வடிவாகப் பிடித்திருந்தாய். இரண்டாம் தடவை பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை.

நீ ஊருக்குச் சொன்னாய், ஆகவே நானும் ஊருக்கே சொல்லப்போகிறேன். இந்தப் பத்திரிகை ஸ்காபரோவில் தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும். முருங்கைக்காய் வாங்க வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய் வாசிப்பார்கள். நீ தமிழ் வாசிப்பாய், கொஞ்சம் மெதுவாக. சனிக்கிழமை சனிக்கிழமையாக உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேனே, அந்தப் பெற்றோல் காசுக்கு இதுவாவது மிஞ்சட்டும். அடுத்த கிழமை நீ மறுபடியும் வடக்கே போகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், "இந்த முறை எமேர்ஜென்சிக்கு அடிக்கிற நம்பருக்கு எமிலியின்ரை அம்மாவைப் போட்டிருக்கிறன்" என்றாய். உப்பைத் தா என்று கேட்கிற மாதிரிச் சொன்னாய். அம்மா உன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே இருந்தார், நீ போதும் போதும் என்ற பிறகும் போட்டார். உனக்கு ஏதாவது நடந்தால் அந்த மலையிலிருந்து வருகிற ரெலிபோன் இனி எங்கள் வீட்டில் அடிக்காது. ஒஷாவாவில், உன் சிநேகிதியின் தாய் என்று நாங்கள் இரண்டு தடவை மட்டும் பார்த்த ஒரு மனுசியின் வீட்டில் அடிக்கும். எனக்கு வலித்தது. அதை மறைக்கிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

உன் பேச்சின் தொடக்கத்தில் ஒன்று சொன்னாய். உன் தாயும் தகப்பனும் போருக்குள்ளால் நடந்து வந்தவர்கள் என்றும், நடை உன் இரத்தத்தில் இருக்கிறது என்றும். அதற்கும் கை தட்டினார்கள். மகன், சனத்தோடு சனமாக நெருக்குப்பட்டு, முன்னால் போகிறவரின் சைக்கிள் காரியரில் முகம் இடிபட நகர்ந்ததற்கு நடை என்று பெயர் இல்லை. உன் அம்மா தையல் மெஷினின் தலையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவர். பாதி வழியில் அதை ஒரு மதகில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். நீ பல் துலக்குகிற பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக வெட்டி, தராசில் வைத்து நிறுத்து, எத்தனை கிராம் மிச்சம் என்று எமிலிக்குச் சொல்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்களை உன் பேச்சுக்கு ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளாதே. அதைப் பற்றி நீ எங்களிடம் ஒரு நாளும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. கேட்காத கதையை மேடையில் எப்படிச் சொன்னாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

உன் நடையை நான் வெறுத்தேன் என்று எழுதினால் அது பொய். பகிடி பண்ணினேன், அது வேறு. பொடியாக்கின சோற்றையும் காய்ந்த இறைச்சியையும் பொட்டலம் கட்டி, அதைச் சின்ன விமானத்தில் முன்கூட்டியே மலைக்குள் கொண்டுபோய் வைக்க ஒருவனுக்குக் காசு கொடுத்தபோது, "காசு குடுத்து அகதியாப் போறாய்" என்றேன். நீ சிரித்தாய். அன்றைக்கு நமக்குள் கோபம் இல்லை. நீ மேசையில் வரைபடத்தை விரித்துக் காட்டினாய். யூகொன் எல்லையைத் தாண்டினால் மக்கென்சி மலைகள். அவற்றுக்குள் உலகப்போர்க் காலத்தில் எண்ணெய்க் குழாய்க்காக வெட்டிப் பிறகு கைவிட்ட ஒரு பாதை. பாலங்கள் எல்லாம் ஆற்றோடு போய்விட்டன, அங்கங்கே துருப்பிடித்த லொறிகள் கிடக்கின்றன, கிழமைக்கணக்கில் நடந்தாலும் ஒரு மனித முகம் தெரியாது என்றாய். மறித்து நிறுத்தி அடையாள அட்டை கேட்க ஒருவரும் இல்லாத பாதை ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று நான் கேட்டேன். ஓம் என்றாய். அந்தப் பாதை எனக்குப் பிடித்தது. உன்னிடம் சொல்லவில்லை, ஆனால் நீ போன பிறகு கம்பியூட்டரில் அந்த மலைகளின் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன்.

புறப்படுவதற்கு முன் நீ எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தாய். எங்கே தொடக்கம், எங்கே முடிவு, எந்தெந்த ஆறு, யார் யார், உன் ஜாக்கெட் செம்மஞ்சள், எமிலியின் ஜாக்கெட் சிவப்பு, எல்லாம் எழுதி பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினாய். கையடக்கமான அந்தச் செய்மதிக் கருவியைக் காட்டி, இதிலுள்ள பொத்தானை அமுக்கினால் ஒரு நிலையத்துக்குச் செய்தி போகும், அவர்கள் முதலில் வீட்டுக்கு அடித்து விசாரிப்பார்கள், பிறகுதான் ஹெலிகொப்டர் என்றாய். "அவங்கள் என்ன கேட்டாலும் எல்லாத்தையும் சொல்லுங்கோ, அப்பா" என்றாய். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அந்த ஓம் உண்மையான ஓம்தான். அப்போது என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லையே.

செப்டெம்பர் தொடக்கம். பள்ளிக்கூடம் திறந்து முதல் கிழமை. காலை ஓட்டம் முடித்து, பஸ்ஸை யார்ட்டில் விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா வேலைக்குப் போயிருந்தார். போன் அடித்தது, தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையான குரல். இன்னாருடைய தகப்பனா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரு சிக்னல் வந்தது, அதை உறுதிப்படுத்துகிறோம் என்று என்னவோ வேகமாகச் சொன்னார். பிறகு கேட்டார்: உங்கள் மகன் இப்போது எங்கே? அவரோடு எத்தனை பேர்? நான் பிரிட்ஜுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். உன் எழுத்து என் கண்ணுக்கு நேரே இருந்தது. வாயைத் திறந்தேன். அந்த நேரம் அவர் கேட்டார்: அவர் என்ன நிற உடுப்புப் போட்டிருக்கிறார்?

அதற்குப் பிறகு கதைத்தது யார் என்று எனக்கே தெரியாது. என் மகன் வேலையில் நிற்கிறான், ஒஷாவாவில், என்றேன். நீங்கள் சொல்கிற கருவியை அவன் போன வருடமே விற்றுவிட்டான், வாங்கினவன் யாரோ ஒரு பெடியன், பெயர் தெரியாது என்றேன். பொய்யோடு ஒரு சின்ன விவரம் சேர்த்துச் சொன்னால்தான் கேட்கிறவன் நம்புவான். அது ஊரில் சோதனைச் சென்றிகளில் நின்று படித்த பாடம், நாற்பது வருடத்துக்குப் பிறகும் நாக்கு மறக்கவில்லை. அந்தப் பெண் நம்பினார். நன்றியும் சொன்னார். நான் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கினேன். மனம் அமைதியாக இருந்தது. மகனை ஒரு ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்ட ஆளுக்கு வருகிற அமைதி. இதை நீ மேடையில் சொல்லவில்லை, உனக்குத் தெரியாது.

அதே நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்பதை பிறகு அந்த வீடியோவில் உன் வாயாலேதான் கேட்டேன். மேலே எங்கோ பெய்த மழையில் ஆறு ஏறியிருந்தது. நீங்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினீர்கள். நடு ஆற்றில் எமிலியின் கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டி, கணுக்கால் முறிந்தது. அவளை இழுத்துக் கரையேற்றினாய், உன் முதுகுப் பை தண்ணீரோடு போனது. பொத்தானை அமுக்கினாய். ஒரு செய்தி போனதோடு, நனைந்த கருவி செத்துவிட்டது. நிலையத்தார் உனக்கு அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு அடித்தால், தகப்பன் ஒருவன் அந்தக் கருவி விற்றுப்போனது என்கிறான். பொத்தான் தவறுதலாக அமுங்குவது உண்டாம். அவர்கள் அப்படியும் விடவில்லை, இங்கே பொலிஸை அனுப்பி நேரில் விசாரிக்கச் சொன்னார்கள். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. நீ எமிலியின் ஈரச் சப்பாத்தைக் கழற்றி, உன்னிடம் இருந்த ஒரேயொரு உலர்ந்த காலுறையை அவளுக்குப் போட்டுவிட்டு, நீ ஈரத்தோடு இருந்தாய். அந்தப் பகுதிக்குச் சபை எழுந்து நின்று கை தட்டியது. நானும் குசினியில் அடுப்புக்கு முன்னால் தனியே நின்று தட்டினேன்.

பொலிஸ்காரன் வந்தது பொழுதுபட. சின்னப் பெடியன். வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினான். அவனும் அதே கேள்விகளைக் கேட்டான். மகன் அஜக்ஸில் சித்தி வீட்டில் நிற்கிறான் என்றேன். மத்தியானம் ஒஷாவா என்றீர்களாமே என்றான். வேலை முடிந்து அஜக்ஸுக்குப் போய்விட்டான் என்றேன். அடுக்கிக்கொண்டே போனேன். அவனும் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போனான். அம்மா வேலையால் வந்து புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டு மாக் கையோடு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், பொலிஸைப் பார்த்தார். திரும்பிப் போய் பிரிட்ஜ் கதவிலிருந்த தாளைப் பிய்த்து வந்து அவன் கையில் கொடுத்தார். என் தோளைப் பிடித்துப் பக்கத்தில் தள்ளிவிட்டு, தான் வேலை செய்கிற முதியோர் இல்லக் குசினியில் படித்த இங்கிலிஷில் சொன்னார்:

"மை சன் இஸ் இன் த மௌண்டன். திஸ் மேன் இஸ் அஃப்ரெயிட்."

உன் உயிரைக் காப்பாற்றியது அந்த இரண்டு வசனம். அதற்கு நான் உன் அம்மாவுக்கு நன்றி சொல்லவேண்டும். இன்னும் சொல்லவில்லை. தன் மகன் வயதுப் பெடியன் ஒருவனுக்கு முன்னால் 'திஸ் மேன்' என்று என்னைச் சொன்னது எனக்குள் இன்னும் கிடக்கிறது. நான் சின்ன மனுசன்தான், அதற்கு என்ன செய்ய.

ஆனால் அதற்குள் அந்த மலைகளில் முகில் இறங்கிவிட்டது. மறுநாளும் பறக்க முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் முகிலில் ஒரு ஓட்டை கிடைத்து, அதற்குள்ளால் ஹெலிகொப்டர் இறங்கியது. குழாய் வேலைக்காரர்கள் விட்டுப்போன, கூரை பாதி விழுந்த ஒரு கொட்டிலுக்குள் உங்களைக் கண்டார்கள். வைற்ஹோர்ஸ் ஆஸ்பத்திரிக்கு நானும் அம்மாவும் பறந்து வந்தோம். குளிரில் விறைத்துப்போன உன் இடது கால் கட்டுக்குள் இருந்தது. அதில் எத்தனை விரல் மிஞ்சும் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. அம்மா உன் தலையைத் தடவினார். நான் கட்டில் காலடியில் நின்றேன். நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்:

"அண்டைக்கு மத்தியானம் வானம் கிளியரா இருந்தது, அப்பா."

சத்தம் போடவில்லை, ஏசவில்லை. அந்த ஒரு வசனம்தான். அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. நீ வீட்டுக்கு வந்தாய், ஊன்றுகோலோடு நடந்தாய், பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடந்தாய், சாப்பிட்டாய், கிரிக்கெட் ஸ்கோர் கேட்டாய். எமிலிதான் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வை, அங்கிள்?" என்று கேட்டாள். கணுக்கால் முறிந்தவள் அவள். இன்றைக்கும் படி இறங்கும்போது கைபிடியைப் பிடிக்கிறாள். அவள் கேட்டாள், நீ கேட்கவில்லை. இப்படி ரெலிபோனில் ஆட்களை ஏமாற்றிக் காசு பறிக்கிறார்கள், அப்படி ஒன்று என்று நினைத்துவிட்டேன் என்றேன். அந்தக் காரணத்தை அம்மாதான் எனக்காகத் தயாரித்து வைத்திருந்தார், சொந்தக்காரருக்கெல்லாம் அதைத்தான் சொன்னோம். நல்ல காரணம். எமிலி தலையாட்டினாள். உண்மையான காரணத்தை உன்னிடம் சொல்ல வைத்திருந்தேன். நீ வந்து கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ போய் அதை நகைச்சுவையாக்கி மேடையில் சொன்னாய்.

கேளாமலே சொல்கிறேன். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். உன் பெரியப்பா. சண்டையில் செத்தவர் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அவன் செத்ததை ஒருவரும் காணவில்லை. ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுப் படலையில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். தமிழில்தான் கதைத்தார்கள். யார் ஆட்கள் என்று இன்றுவரை தெரியாது, அந்தக் காலத்தில் கேட்கிறவர்கள் பல பேர். என் அப்பா பொய் சொல்லாத மனுசன். அதை ஊருக்கே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மனுசன். "ஐயா, மூத்தவர் எங்கை? சின்ன அலுவல் ஒண்டு" என்று ஒருவர் கேட்டார். அவ்வளவு மரியாதை. அப்பா சொன்னார்: சோதினைக்குப் படிக்கப் போயிருக்கிறான், இரண்டாம் ஒழுங்கையில் சிவப்பு கேற் போட்ட வீடு. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்டார்கள். மூன்று பேர் என்றார். என்ன நிறச் சேட்டுப் போட்டிருக்கிறார் என்று கேட்டார்கள். நீலக் கட்டம் போட்ட சேட்டு என்றார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் இருந்த மூன்று பேரில் நீலக் கட்டம் போட்ட சேட்டைச் சரியாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் கதை.

அதற்குப் பிறகு என் அப்பா ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. என் அம்மா குசினிக்குள் நிற்கும்போதே, பக்கத்து வீட்டு மனுசி வந்து அவ எங்கே என்று கேட்டால், தெரியாது என்பார். ஒரு நாள் தெருவில் யாரோ, அப்பா எங்கை தம்பி என்று என்னிடம் கேட்க, கிணத்தடியில் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததே இல்லை. விளக்கம் சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. பிறகு நானே எத்தனை இடத்தில் நின்று, மச்சான் எங்கே, கூட வந்தவன் எங்கே என்ற கேள்விகளுக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்களால் உயிரோடு இருக்கிறவர்கள் இந்த ஸ்காபரோவிலேயே இருக்கிறார்கள், கலியாண வீடுகளில் என்னைக் கட்டிப்பிடிக்கிறார்கள். அந்தப் பொய்களால்தான் நான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய்.

இந்த ஊரில் அந்தப் பழக்கத்துக்கு எனக்குச் சம்பளமும் தருகிறார்கள். பாலர் வகுப்புப் பிள்ளையை பஸ்ஸால் இறக்கும்போது, எனக்குத் தெரிந்த முகம் வந்து நின்றால்தான் பிள்ளையைக் கொடுப்பேன். ஒரு தடவை ஒரு பிள்ளையின் சொந்த மாமா வந்து நின்றார். பிள்ளையை எடுக்க வருகிறவர் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்கப்படாத ஆள். பிள்ளை மாமா மாமா என்று துள்ளுகிறது, நான் கதவைப் பூட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பிக் கொண்டுபோனேன். தாய் வந்து சண்டை பிடித்தா. கம்பனியில் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பாராட்டிக் கேக் வெட்டினார்கள். உனக்கு ஒரு துண்டு கொண்டுவந்து தந்தேன், நீ சாப்பிட்டாய். ஒரே வாய்தான், மகன். ஒரு நாள் கேக், இன்னொரு நாள் உன் கால்விரல்.

ஆகவே நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. மன்னிப்புக் கேட்கிறவன், இனிச் செய்யமாட்டேன் என்றும் சொல்லவேண்டும். உன் விரல்களுக்காக நான் அழுதிருக்கிறேன். கராஜில் காருக்குள் இருந்து அழுதேன், அம்மாவுக்கும் தெரியாது. எமிலி படியிறங்கும்போது நான் வேறு பக்கம் பார்க்கிறேன். அதெல்லாம் வேறு. ஆனால் ஒரு தகப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இல்லாமல் இருக்காது, ஆகவே இரண்டு சொல்கிறேன். உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், கேட்கிறவருக்கு உண்மை சொல்ல அதற்குப் பழக்கு. அந்தப் பாடத்துக்கு மட்டும் பிள்ளையை என்னிடம் விடாதே. மற்றது, உனக்கு அநியாயம் செய்தவன் என்று நீ நினைக்கிற ஆளிடம், மேடையேறுவதற்கு முன்னால் ஒரு தடவை ஏன் என்று கேள். பதில் உனக்குப் பிடிக்காமல் போகலாம். சிரிப்பும் கொஞ்சம் குறையும். கேட்காமல் விட்டது உன் பிழை, அதை நான் உன் கணக்கில்தான் எழுதுவேன்.

எமிலியின் தாயைப் போட்டுவிட்டாய் என்று கேட்ட அன்று, என் பெயரைத் திருப்பிப் போடச் சொல்லி உன்னிடம் கேட்பது என்று முடிவு செய்தேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கியதே அதற்காகத்தான். இனி அப்படி நடக்காது, நான் பிரிட்ஜைப் பார்த்து வாசிப்பேன், ஒரு சொல் விடாமல் சொல்வேன் என்று எழுதத்தான் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நீ பேஸ்மெண்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாய். மணி அடித்தது. கதவைத் திறந்தேன். பார்சல் கொண்டுவந்த பெடியன், கையில் சின்னப் பெட்டி, கையெழுத்து வேண்டுமாம். உன் முழுப் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டான். இல்லை, அவன் வன்கூவருக்கு மாறிப் போய்விட்டான் என்றேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை. பெடியன் கீழே பார்த்தான். வாசலில் உன்னுடைய மலைச் சப்பாத்து இரண்டும் சேறு காய்ந்தபடி கிடந்தன. அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியோடு போய்விட்டான்.

நீ பேஸ்மெண்ட் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். "அப்பா, நான் இஞ்சைதான் நிக்கிறன்" என்றாய். பிறகு அந்தக் காலோடு தெருவுக்கு ஓடினாய். வான் மூலை திரும்பிவிட்டது. அந்தப் பெட்டிக்குள் இருந்தது உன் புதுச் செய்மதிக் கருவி என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ திரும்பி வந்து, கோபப்படாமல், கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு அவர்களின் டிப்போவுக்குப் போனாய். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதனால் எழுத வந்ததை எழுதாமல் விடுகிறேன். என் பெயரைத் திருப்பிப் போடாதே. நீ செய்தது சரி. எமிலியின் தாய் நல்ல மனுசி, ரெலிபோன் அடித்தால் எடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுவா. பதில் சொன்னதால் அவ ஒருவரையும் இழந்ததில்லை. ஆறு ஏறியிருந்தால் இறங்காதே, கரையில் இருந்து காத்திரு. எமிலியை முன்னால் விடாதே. நல்லபடியாகப் போய் வா. யார் வந்து என்னிடம் கேட்டாலும், எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், நீ உயிரோடு இருக்கும்வரை நீ எங்கே என்று நான் சொல்லமாட்டேன்.

அப்பா